யார் போட்ட கணக்கு

ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? நீராவி பட்ட கை ஆறிவிட்டதா? மருந்து போடாமல் விட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. எனக்குக் கழுத்துவலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து பாவம் என்ன செய்யும்?

உன் கடிதம் கிடைத்தது. சிட்டு கணக்கில் பின்தங்கிவிட்டாள், தனி வகுப்புக்கு மாற்றலாமா என்று தலைமையாசிரியை கேட்டதையும், "எங்க பக்கம் யாருக்கும் இந்தக் குறை கிடையாது" என்று உன் வீட்டுக்காரர் உன்னை முறைத்ததையும் படித்தேன். அவர் கிடக்கிறார். பிள்ளைகள் கணக்குப் போடும் விதத்தை ஆராய்கிற இந்த வேலையில் இருந்துகொண்டு என் தங்கை மகளுக்கே நான் உதவாவிட்டால் எப்படி?

இத்துடன் ஓர் எழுதுபலகை அனுப்பியிருக்கிறேன். பார்க்க டேப்லெட் மாதிரி இருக்கும். திரையில் கணக்கு வரும். கூடவே இருக்கும் பேனாவால் அதன் மேலேயே போட வேண்டும். பேனா எங்கே நின்றது, எவ்வளவு நேரம் யோசித்தது, எதை எழுதி எதை அழித்தது, எவ்வளவு அழுத்தியது எல்லாம் அன்றன்றைக்கே எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிடும். நான் அதை ஓடவிட்டுப் பார்ப்பேன். எழுதுகிற கை தெரியாது, எழுத்து மட்டும் தானாக வந்துகொண்டே இருக்கும். கேமரா கிடையாது, அதனால் வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பாதே.

விடை சரியா தப்பா என்பது மட்டும்தான் பள்ளிக்குத் தெரியும். பிள்ளை எந்த வழியாகப் போய்த் தப்பான இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பது பலகைக்குத் தெரியும். வழி தெரிந்தால் திருத்தலாம். பதிவுகளைப் பார்த்து உங்கள் தலைமையாசிரியைக்கும் ஓர் அறிக்கை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். தினம் ஒரு பக்கம் போடச் சொல். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காதே, அது முக்கியம்.

போனில் பேசலாம்தான். ஆனால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நடுவில் உட்கார்ந்துகொள்வார். வழக்கம்போல உன் சலவைக்கூடத்து முகவரிக்கே எழுதுகிறேன். சிட்டுவுக்கு என் முத்தம்.

உன் அக்கா

*

ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். கை ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் மருந்து சொல்வாய், உனக்கு மட்டும் செய்துகொள்ள மாட்டாய்.

பலகை பத்திரமாக வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா நம்ம வீட்ட உளவு பாக்க அனுப்பிச்ச மெஷினா இது?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அதைக் கேட்ட சிட்டு, பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உடை மாற்றுகிறாள். "பெரியம்மா உள்ளேர்ந்து பாக்கறாங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

தனி வகுப்பு பின்கட்டிடத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சின்னதும் பெரியதுமாக எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போன பிள்ளைகள் யாராவது பழைய வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார்களா என்று காவலாளியிடம் கேட்டேன். "இங்க நல்லா பாத்துக்குவாங்கம்மா" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலில்லை.

அவளை அங்கே அனுப்ப விடமாட்டேன் அக்கா. அவள் மந்தமில்லை, மெதுவாகப் போடுவாள், அவ்வளவுதான். தேர்வில் பாதித் தாள் முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

கணக்கு தினமும் நடக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன் தங்கை

*

ஜூலை 15

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியமா? இங்கே மழை. ஆய்வகத்தில் ஒரு மூலையில் ஒழுகுகிறது, அந்த மூலையில்தான் என் மேசை.

சிட்டுவின் பதிவுகளைப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் எல்லாம் நிதானமாக, சரியாக வந்தன. மூன்றாம் நாளிலிருந்து ஆளே மாறிவிட்டாள். அடி கள்ளி, முதல் இரண்டு நாளும் நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறாய், இல்லையா? அந்த இரண்டு நாளையும் நீக்கிவிட்டேன். அப்புறமாவது என் பேச்சைக் கேட்டாயே, சந்தோஷம்.

மற்றதைச் சொன்னால் வருத்தப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொன்னால் நாற்பத்தைந்து என்கிறாள். இரண்டிலிருந்து ஏழு போகாதாம், அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறாள். இது பல பிள்ளைகள் செய்வதுதான். எட்டையும் ஏழையும் கூட்டுவதற்கு அவள் செய்வதுதான் என்னை உலுக்கிவிட்டது. மூலையில் புள்ளி புள்ளியாக வைத்து, ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணி, விடையை எழுதிய கையோடு புள்ளிகளை ஒன்று விடாமல் அழித்துவிடுகிறாள். இந்த வயதில் இவ்வளவு சுத்தமாக மறைக்கத் தெரிந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. பேனாவை அப்படி அழுத்துகிறாள். பயத்தினால் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆய்வகத் தலைவர் பதிவை நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "இப்படி ஒண்ணு கிடைக்காதான்னுதான் இத்தனை வருஷமா தேடிட்டிருந்தோம்" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

குழந்தையைத் திட்டாதே. அடிக்கவே கூடாது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் மேசையை மழை படாத இடத்துக்கு நகர்த்தினாயா?

உன் கடிதத்தை இஸ்திரி மேசையில் வைத்தே படித்தேன். ஒரு தலையணை உறை கருகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன், தெரிந்துகொள்ளத்தான். இப்படிக் கணக்குப் போடுகிற பெண் வளர்ந்தால் எப்படி இருப்பாள்? வேலை, கல்யாணம், குடும்பம் எல்லாம் மற்றவர்களைப் போல இருக்குமா? புள்ளி வைப்பது அத்தனை பெரிய தப்பா? எப்படியோ விடை வந்துவிடுகிறதே.

எனக்கு இங்கே மேற்பார்வையாளர் வேலை கொடுக்கிறேன் என்றார்கள். மருத்துவமனைக்குப் போகிற விரிப்புகளை எண்ணி எழுதி அனுப்ப வேண்டும், உட்கார்ந்தே பார்க்கிற வேலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார்.

பதிவுகளை இப்போதே பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா? இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே அக்கா. இன்னும் முயற்சி செய்தால் சரியாக வரும் என்றுதான் தோன்றுகிறது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 21

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? மேற்பார்வையாளர் வேலையை வேண்டாம் என்றாயா? சுத்த சோம்பேறி. அதைப் பற்றித் தனியாகத் திட்டுகிறேன்.

கேட்டாய், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். உதவி கிடைக்காமல் வளர்கிற பெண் வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருப்பாள். அடுத்த பஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் காதில் விழாதவள் மாதிரி நகர்ந்துவிடுவாள். மேலே வரச் சொன்னால் இருக்கிற இடமே போதும் என்பாள். கூட வாழ்கிறவருக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்வாள், அதிலேயே பாதி உயிர் போய்விடும். புத்தியில்லாதவள் என்று அர்த்தமில்லை. ஆனால் தன்னைப் புத்தியில்லாதவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நம் சிட்டுவுக்கு அந்தக் கதி வேண்டாம் என்றுதான் அறிக்கையைத் தலைமையாசிரியைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி உனக்கும் வைத்திருக்கிறேன். தனி வகுப்பு என்றதும் முகத்தைத் தூக்காதே. ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்துவிட்டு வரட்டும். அம்மாவாக இல்லாமல் கொஞ்சம் யோசித்துப் பார், நான் செய்தது சரி என்று தெரியும்.

உன் அக்கா

*

செப்டம்பர் 18

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? கடிதமே காணோம். மனசு கேட்காமல் போன் செய்தேன், மாப்பிள்ளைதான் எடுத்தார். சிட்டுவைப் பின்கட்டிடத்து வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். "உங்க தங்கச்சிதான் சரியா சாப்பிடறதில்ல" என்றார். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உன் குரல் கேட்டது.

கோபமிருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா

*

அக்டோபர் 3

அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

நீ நீக்கிய முதல் இரண்டு நாள் கணக்குதான் சிட்டு போட்டது. நான் பக்கத்திலேயே போகவில்லை. மூன்றாம் நாள் பலகையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறார்கள், மாட்டேன் என்றாள். பதிவு வராவிட்டால் பள்ளியில் அதையே காரணமாகச் சொல்வார்களே என்று பயந்தேன். அவளை விளையாட அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எல்லாம் நான் போட்டது.

ஏமாற்ற வேண்டும் என்று தப்பாகப் போடவில்லை அக்கா. அவளைவிட நன்றாகப் போட்டு அவளைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தேன். நாலாம் வகுப்புக் கணக்கு, நான் நாற்பது வயதுக்காரி, வராமலா போய்விடும் என்று நினைத்தேன். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, என்னால் எவ்வளவு கவனமாகப் போட முடியுமோ அவ்வளவு கவனமாகப் போட்டேன். அழுத்தம் பயத்தினால் இல்லை. இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, அதற்கு அப்படித்தான் பிடிக்க வரும்.

சின்ன வகுப்புகளில் நான் மனப்பாடம் செய்தே தேறினேன். கணக்கில் தவறியபோதெல்லாம் படிக்காமல் விளையாடினேன் என்று நானே சொல்லிவிடுவேன். மக்கு என்று பெயர் வாங்குவதைவிட விளையாட்டுப் பிள்ளை என்று வாங்குவது நல்லதாக இருந்தது. எனக்குக் கணக்கு வராது என்பது அவருக்கும் தெரியாது.

நீ ஆகஸ்டில் எழுதியதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். பஸ் விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் புரியவில்லை.

நான் போட்ட கணக்குக்கு அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். காகிதம் வெட்டிக் கொண்டுவந்து காட்டுகிறாள். அவளை அங்கிருந்து வெளியே கொண்டு வா.

உன் தங்கை

*

நவம்பர் 12

என் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை என்று சொல்லலாம், அது உண்மையில்லை. உன் கடிதம் வந்தபோது அந்தப் பதிவுகளை ஓர் ஆய்வாளர் கூட்டத்தில் காட்ட ஏற்பாடாகியிருந்தது. காட்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காட்டினேன். புள்ளிகள் வந்து வந்து அழிந்தபோது அரங்கத்தில் எல்லோரும் முன்னால் குனிந்து பார்த்தார்கள். எழுதுகிற கை யாருடையது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. ஆய்வகத்தின் அடுத்த ஆய்வில் என் பெயர் இல்லை. அது போகட்டும்.

உங்கள் தலைமையாசிரியைக்கும் எழுதினேன். பதில் வந்தது. பிள்ளையை வெளியே கொண்டுவரத் தாய்மார்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்களாம், பெரிய மனுஷி ஒருத்தி இப்படியா கணக்குப் போடுவாள் என்று கேட்டிருக்கிறார். நீயே நேரில் போய்ச் சொன்னால் நம்பக்கூடும். மறுசோதனை வேண்டும் என்று கேள்.

சாப்பிடு. அதையாவது செய்.

உன் அக்கா

*

நவம்பர் 27

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போனேன். சிட்டுவும் கூட வந்தாள், விடமாட்டேன் என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன், ஆனால் அந்த அறைக்குக் கதவுக்குப் பதில் திரைதான். தலைமையாசிரியை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்படின்னா இத்தனையும் தப்புத் தப்பா போட்டது நீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா குனிந்து சிரித்தார். "எட்டும் ஏழும் எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் அந்த அம்மா. கை மேசைக்கு அடியில் இருந்தது. விரல் விட்டு எண்ணுவதற்குள் அவரும் சிரித்துவிட்டார். நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் மறுசோதனைக்கு ஒத்துக்கொண்டார். பள்ளியிலேயே, அவர் முன்னால், உங்கள் பலகையில் சிட்டு போட வேண்டும். சரியாகப் போட்டால் பழைய வகுப்பு.

வரும் வழியில் சிட்டுவிடம், "உனக்குத் தெரிஞ்ச கணக்குதான், பயப்படாம போடு" என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை பயமில்லை என்று நினைக்கிறேன்.

உன் தங்கை

*

டிசம்பர் 16

அன்புத் தங்கச்சிக்கு,

தைரியமாக இருக்கிறாயா? இருந்தால்தான் மேலே படி.

மறுசோதனை முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். விடைகள் பெரும்பாலும் தப்பு. தலைமையாசிரியை எங்களுக்கு ஒரே வரிதான் எழுதினார், முதல் அறிக்கையே சரி என்று. ஆனால் பதிவை நான் பார்த்தேன்.

ஒவ்வொரு கணக்கையும் முதலில் சரியாகப் போட்டிருக்கிறாள். நிதானமாக, அந்த முதல் இரண்டு நாள் போலவே. ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் முப்பத்தைந்து என்று எழுதி, கொஞ்ச நேரம் நிறுத்தி, அதை அழித்து, நாற்பத்தைந்து என்று மாற்றியிருக்கிறாள். எட்டும் ஏழும் பதினைந்து என்று எழுதிவிட்டு, அதற்கப்புறம் மூலையில் புள்ளி வைத்திருக்கிறாள். விடை தெரிந்த பிறகு யாராவது புள்ளி வைப்பார்களா? நீ போடுவது போலவே போட்டிருக்கிறாள். ஒருநாள் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அவள் சரியாகப் போட்டால் தப்பாகப் போட்டது நீ என்று ஆகிவிடும். அந்த அறையில் அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தது அவள் காதில் விழுந்திருக்கிறது.

இதைத் தலைமையாசிரியைக்கு விளக்கி எழுதினேன். சரியாக எழுதிவிட்டு அழிக்கிற பிள்ளைக்குத் தெளிவில்லை, அதுவும் குறைதான் என்கிறார். என்னிடம் இனி வழியில்லை. இருக்கிறது ஒன்றே ஒன்று. அதை நான் கேட்க மாட்டேன். கேட்கிற தகுதி எனக்கில்லை.

உன் அக்கா

*

ஜனவரி 10

அன்பு அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லையா? நீ கேட்காமலே எனக்குப் புரிந்தது.

விடுமுறை முடிந்ததும் பள்ளிக்குப் போனேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போனேன், விஷயத்தை முந்தின நாளே சொல்லிவிட்டேன். நம்பவில்லை. "சும்மா இருடி, என்ன விளையாட்டு இது" என்றார். பலகையைக் கொடுங்கள், நான் போடுகிறேன், என் மகள் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற மேசைதான் கிடைத்தது, முழங்கால் இடித்தது.

போட்டேன். முதலில் குமாஸ்தா எட்டிப் பார்த்தார், அப்புறம் வெளியே போய்விட்டார். விடையை எழுதிவிட்டுப் புள்ளிகளை அழிக்கப் போனேன். "வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சிட்டு பழைய வகுப்புக்கு வந்துவிட்டாள். இனி அவளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவார்களாம். நல்லதுதான், நினைத்தது நடந்துவிட்டது. வீட்டில் அவர் இப்போது என்னைத் திட்டுவதில்லை. பஸ் எப்போது வரும் என்று நான் கேட்காமலே மெதுவாக, விளக்கமாகச் சொல்கிறார். பழைய மாதிரி முறைத்தால் தேவலை என்றிருக்கிறது.

சிட்டு வீட்டுப்பாடத்தை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறாள். நேற்று துணி எடுக்க உள்ளே போனேன். கடகடவென்று எழுதிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"வரலையாடி?" என்று கேட்டேன்.

"கஷ்டமா இருக்கும்மா" என்றாள்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததை என் எதிரில் மறைக்க வேண்டாம் என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது? துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உள்ளே பென்சில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கழுத்தைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை